ஜெயசீலியின் மூன்று டோக்கன்கள்

புத்தகத்துக்குள்ளிருந்து விழுந்த அந்தச் சின்ன அட்டையைச் சுகிர்தா மூன்று நாளாகத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அது ஒரு நூலக டோக்கன். 'எண் 212. து. ஜெயசீலி, ஒன்பதாம் வகுப்பு' என்று அதில் நீல மையில் எழுதியிருந்தது. மை பாதி வெளுத்துவிட்டது.

ஜெயசீலி அவளுடைய அக்கா. இறந்து நான்கு வருஷம் ஆகப் போகிறது. போன சனிக்கிழமை அப்பா கொண்டுவந்த தேனீக்களைப் பற்றிய புத்தகத்தில் அக்காவின் டோக்கனுக்கு என்ன வேலை?

கேட்டுவிடலாம் என்று மூன்று முறை அப்பாவின் எதிரில் போய் நின்றாள். மூன்று முறையும் "ஃபேனைப் போடவாப்பா?", "மோர் வேணுமாப்பா?" என்று எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினாள். அந்த வீட்டில் ஜெயசீலியின் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டு யாருக்கும் பழக்கமில்லை.

சுகிர்தாவுக்குப் பதினைந்து வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பீர்க்கன்கரணையில் ஏரிக்கரையை ஒட்டிய அந்த வீட்டின் நான்கு சுவர்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம், அப்பா துரைராஜ்தான் வாத்தியார். "பொண்ணுக்கு மூச்சிழுப்பு. வெளியில அனுப்ப முடியலை" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இழுப்பு கடைசியாக வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அந்தக் காரணம் மட்டும் திடகாத்திரமாக இருந்தது.

உண்மைக் காரணம் தெருவுக்கே தெரியும். ஜெயசீலி ரயில்வே கேட்டில் போனவள். கேட் மூடியிருந்தபோது குனிந்து நுழைந்து தண்டவாளத்தைத் தாண்டினாள். ஒரு ரயில் போனதைப் பார்த்தவள், மறு பக்கத்திலிருந்து வந்த ரயிலைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து துரைராஜ் ரயிலில் ஏறுவதில்லை. கிண்டி ஆபீஸுக்கு அரை மணியில் கொண்டுபோய் விடுகிற மின்சார ரயிலை விட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார். கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு பெண்ணை அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை.

அம்மா ரத்தினபாயின் கணக்கு வேறு. சாவு வீட்டில் யாரோ ஒருவர், "பொண்ணு எதையோ படிச்சுகினே போச்சாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த ஒரு வார்த்தை ரத்தினபாயின் நெஞ்சில் ஆணியாக இறங்கிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் செங்கல்பட்டு நூலகத்தையே கரைத்துக் குடித்தவள், அன்றிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையைக்கூடத் தொடவில்லை.

அப்பா பாதையின் மேல் பழி போட்டார். அம்மா புத்தகத்தின் மேல் பழி போட்டாள். இருவருக்கும் நடுவில் ஒரு பெண் வளர்ந்துகொண்டிருந்தாள்.

அன்று 1988, மே மாதம் இருபத்தெட்டு, சனிக்கிழமை. மறுநாள் மாதக் கடைசி ஞாயிறு. அந்த வீட்டில் அதற்கொரு வழக்கம் உண்டு. சர்ச்சிலிருந்து வந்து, கறிக்குழம்புச் சாப்பாடு முடிந்ததும், துரைராஜ் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். அந்த மாதம் படித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "விளக்கு அணைஞ்சுபோன அன்னைக்கு, கலங்கரை விளக்கத்துக்காரர் என்ன செஞ்சார்?" என்கிற மாதிரி. புத்தகத்தைப் படிக்காமல் புரட்டியவர்களுக்குப் பதில் வராது. சுகிர்தாவுக்கு ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.

மே மாதத்தில் மட்டும் ஒன்பது புத்தகம் முடித்திருந்தாள். காலையில் மாடிப்படியில், பகலில் அடுப்படியில், சாயங்காலம் மறுபடி மாடிப்படியில். பிளேக் நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்த டாக்டரம்மாவின் கதையைப் படித்த அன்று சோறு குழைந்து கஞ்சியானது. "நல்லா படிச்சே போ" என்று ரத்தினபாய் அதைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு எருமைக்கு ஊற்றிவிட்டு வந்தாள்.

அதே ரத்தினபாய்தான் போன வாரம் பள்ளிக்கூட விண்ணப்பம் ஒன்றை வாங்கி வந்து கைப்பையில் வைத்திருந்தாள். திங்கட்கிழமை கடைசி நாள். துரைராஜ் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மூன்று நாளாக இருவருக்கும் பேச்சில்லை.

சுகிர்தாவுக்குப் பள்ளிக்கூடமும் வேண்டும், புத்தகமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில், தன் பெயர் எழுதிய ஒரு டோக்கன் வேண்டும். மூன்று நாளாகத் தலையணைக்கு அடியில் அக்காவின் பெயரை வைத்துக்கொண்டு படுத்ததில் அவளுக்கு அது மட்டும் தெளிவாகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸான அம்மா காலை ஷிப்டுக்கு ஆறரைக்கே போயாயிற்று. அப்பா ஏழே முக்கால் பஸ்ஸுக்குப் போனார். இருவரும் திரும்ப மூன்று மணியாகும். சுகிர்தா டோக்கனையும், படித்து முடித்த இரண்டு புத்தகங்களையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு வீட்டைப் பூட்டினாள்.

பக்கத்து வீட்டுக் கங்கம்மா எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா, பையைத் தூக்கினு எங்க கெளம்பிட்ட?"

"லைப்ரரிக்கு. சாவியை வெச்சுக்குங்கக்கா."

"லைப்ரரியா? கேட்டுக்கு அந்தாண்டல்ல கீது! தனியாவா? உங்கப்பாருக்குத் தெரியுமா?"

"வந்து சொல்லிக்கிறேன்."

"ஐயே, பேஜார் பண்ணாத பாப்பா. அவரு வந்தா என்னையில்ல கேப்பாரு!" என்றவள், சுகிர்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். "கேட்டு மூடியிருந்தா குனிஞ்சி பூந்துடாத. அல்லாரும் பூந்துகினுதான் கீறாங்க. நீ நில்லு. எவ்ளோ நேரமானாலும் நில்லு, இன்னா?" சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கேட் மூடித்தான் இருந்தது.

சைக்கிளைச் சாய்த்துக் கீழே நுழைத்துக்கொண்டு ஒருவர் போனார். கீரைக்கூடையை இறக்கி அந்தப் பக்கம் தள்ளிவிட்டு ஒருத்தி குனிந்தாள். பேண்ட் சட்டை போட்ட ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நுழைந்து போனார். சுகிர்தா கம்பிக்கு நாலடி தள்ளி நின்றாள். பையின் கைப்பிடி வேர்வையில் நனைந்தது.

தாம்பரம் பக்கத்திலிருந்து மின்சார ரயில் வந்து போனது. கேட் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து எக்ஸ்பிரஸ் ஒன்று தடதடவென்று வந்தது. முதல் ரயில் போன பிறகு இரண்டாவது. இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்து இன்னும் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

கம்பி மேலே எழுந்தபோது, நடந்து தாண்டுவதற்காகக் காத்திருந்தவள் அவள் ஒருத்திதான். இருபக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, கால் இடறாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

கிளை நூலகம் ஓடு போட்ட பழைய கட்டடம். வாசலில் நாலு பேர் ஒரே பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். நூலகர் வேதாசலம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கிழிந்த அட்டை ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

சுகிர்தா இரண்டு புத்தகங்களையும் மேஜைமேல் வைத்தாள். அவர் தேதியைப் பார்த்தார், மரப்பெட்டியில் துழாவினார், இரண்டு டோக்கன்களை எடுத்தார். எடுத்தவர் அவளிடம் நீட்டாமல் நிமிர்ந்து பார்த்தார்.

நூலகத்து முறை இதுதான். ஓர் ஆளுக்கு மூன்று டோக்கன். டோக்கனைக் கொடுத்தால் புத்தகம் தருவார்கள். புத்தகம் நம்மிடம் இருக்கும்வரை டோக்கன் அவர்கள் பெட்டியில் இருக்கும். புத்தகம் திரும்பினால்தான் டோக்கனும் திரும்பும்.

"நீ யாரும்மா? இது துரைராஜ் சார் எடுத்த புத்தகமாச்சே."

"அவர் பொண்ணு. சுகிர்தா." பையிலிருந்த மூன்றாவது டோக்கனை எடுத்து வைத்தாள். "இது புத்தகத்துக்குள்ள இருந்துச்சு சார்."

வேதாசலம் கையிலிருந்த இரண்டையும் அதன் பக்கத்தில் வைத்தார். மூன்றிலும் ஒரே பெயர். து. ஜெயசீலி.

"உட்காரும்மா" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். பசைக் கிண்ணத்தை மூடிவிட்டு, அவர் மெதுவாகப் பேசினார்.

"அக்கா போய் ஒரு மாசம் கழிச்சு உங்கப்பா வந்தார். டோக்கனை ஒப்படைக்கத்தான் வந்தார். நான் ரிஜிஸ்டரை எடுத்துப் பேரை அடிக்கப் போனேன். 'இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே சார்'னு கேட்டார். அடுத்த வாரம் வந்தார், 'இன்னும் ஒரு வாரம்'னார். அப்படியே நாலு வருஷம் ஓடிடுச்சு. தப்புதான். எனக்கு மனசு வரலை."

"அப்போ எனக்குக் கொண்டுவந்த புத்தகமெல்லாம்…"

"அக்கா பேர்லதான்." எழுந்து போய் அலமாரியிலிருந்து நீளமான ஒரு பதிவேட்டை எடுத்து வந்தார். "நூலகத்துல என்ன புத்தகம் வேணும்னு வாசகர்கள் இதுல எழுதி வைப்பாங்க. உங்கக்கா மாதிரி எழுதினவங்க யாரும் இல்லை. பாரு."

அக்காவின் கையெழுத்து. பெரிய பெரிய எழுத்து, கோட்டைத் தாண்டி மேலே ஏறும். பக்கம் பக்கமாக நூற்று ஐம்பத்தெட்டுப் புத்தகங்களின் பெயர்கள் இருந்தன. கலங்கரை விளக்கங்கள், நட்சத்திரங்கள், பர்மாவுக்குக் கப்பலில் போனவர்களின் கதை, பிளேக் காலத்து டாக்டரம்மா, தேனீக்கள். மே மாதம் சுகிர்தா படித்த ஒன்பதும் வரிசை மாறாமல் இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலில் ஒரு சின்ன டிக். அது அப்பாவின் டிக் என்று அவளுக்குத் தெரியும். அவள் போடும் கணக்குகளில் எல்லாம் அதைத்தான் பார்த்திருக்கிறாள்.

"வாங்கக் கூடியதை வாங்கினோம். மத்ததை மைய நூலகத்துக்கு எழுதிப் போட்டு வரவழைச்சுக் கொடுத்தேன். இன்னும் நாலுதான் பாக்கி" என்றார் வேதாசலம்.

சுகிர்தாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான்கு வருஷமாகத் தனக்காகத் தேடித் தேடிக் கொண்டுவருகிறார் என்றல்லவா நினைத்திருந்தாள்! அவள் சிரித்ததும் அழுததும் சோற்றைக் குழையவிட்டதும் எல்லாம் அக்காவின் புத்தகங்களுக்காகவா? ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கேள்வி கேட்டதுகூட அவளிடமா, அக்காவிடமா?

"எனக்கு என் பேர்ல டோக்கன் வேணும் சார்."

"தர்றேன். இந்த ஃபாரத்துல அப்பா கையெழுத்து வேணும். இந்த மூணையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அப்பாகிட்ட கொடு, அவரே வந்து ஒப்படைச்சுடட்டும். ஜூன் ஒண்ணுலேர்ந்து பழைய டோக்கன் எதுவும் செல்லாதுன்னு உத்தரவு வந்திருக்கு. உங்கப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நானே ஒரு வாரமா முழிச்சுக்கிட்டிருக்கேன்." பேனாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். "உனக்கு என்ன புத்தகம் வேணும்? நீயும் எழுது."

சுகிர்தா பேனாவைக் கையில் வாங்கினாள். உனக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை.

"அப்புறம் எழுதறேன் சார்." அவள் பார்வை பதிவேட்டில் அக்கா எழுதிய கடைசி வரிக்குப் போனது. பக்கத்தில் தேதி. ஒன்பது, எட்டு, எண்பத்து நாலு. அக்கா போன நாள். "சார், இது அன்னைக்கு எழுதினது."

"ஆமாம்மா. அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சேகால் இருக்கும். வந்தா. மூணு புத்தகத்தையும் கொடுத்தா, மூணு டோக்கனையும் வாங்கி ஜாமெட்ரி பாக்ஸுக்குள்ள போட்டுக்கிட்டா. இதை எழுதினா."

"என்ன புத்தகம் எடுத்துக்கிட்டுப் போனா?"

"எதுவும் எடுக்கலையே."

"நல்லா ஞாபகம் இருக்கா சார்?"

"மறக்குமா? புதுசு ரெண்டு வந்திருக்கு, பார்த்துட்டுப் போம்மான்னேன். 'நேரமில்லை சார். தங்கச்சிக்கு இழுப்பு, அம்மாவுக்கு நைட் டூட்டி. ஆறு மணிக்குள்ள வந்துடுன்னு சொல்லியிருக்காங்க. சனிக்கிழமை வர்றேன்'னு சொல்லிட்டு ஓடினா. கையில ஒண்ணும் இல்லை. உங்கப்பாகிட்ட அப்பவே சொன்னேன். இதோ, இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தார். லைப்ரரி மூடற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை."

சுகிர்தாவுக்கு அந்தச் சாயங்காலம் நன்றாக ஞாபகம் இருந்தது. அவளுக்குப் பதினொரு வயது. கட்டிலில் இரண்டு தலையணைக்குச் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தாள். நொச்சி இலை போட்ட வெந்நீர்ப் பாத்திரம் முன்னால் இருந்தது. அம்மா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, "ஆறு மணிக்குள்ள வாடின்னா, எங்கே போய்த் தொலைஞ்சா இவ?" என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா புத்தகம் படித்துக்கொண்டு போகவில்லை. ஆறு மணிக்குள் வீட்டுக்கு வர ஓடிக்கொண்டிருந்தாள்.

அது அப்பாவுக்குத் தெரியும். நான்கு வருஷமாகத் தெரியும். "புத்தகம்தான் என் பொண்ணை எமன் மாதிரி கொண்டுபோச்சு, புத்தகப் பைத்தியம் பிடிச்ச நீங்கதான் காரணம்" என்று அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! ஒரு தடவைகூட அப்பா எதிர்த்துப் பேசியதில்லை. பேசாமல் எழுந்து வாசலுக்குப் போவார். ஒரு வார்த்தை சொன்னால் அவர்மேல் இருக்கிற பழி நீங்கும். ஆனால் அது அம்மாவின் தலையில் போய் விழும். இழுத்துக்கொண்டு படுத்திருந்த சின்னப் பெண்ணின் தலையிலும் கொஞ்சம் விழும்.

அவள் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேதாசலம் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அம்மாவிடம் சொல்லக் கூடாது. திரும்பி வரும்போது கேட்டில் காத்திருந்த பத்து நிமிஷமும் இதையே சொல்லிக்கொண்டாள். செத்தாலும் சொல்லக் கூடாது.

ரத்தினபாய் ரெண்டே முக்காலுக்கு வந்தாள். கங்கம்மா வழியிலேயே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்கு வந்தாள்.

"கேட்டைத் தாண்டினியா?"

"ஆமாம்மா."

"எதுக்கு?"

"லைப்ரரிக்கு."

பளாரென்று ஓர் அறை விழுந்தது. அறைந்த கையாலேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டு ரத்தினபாய் அழ ஆரம்பித்தாள். துரைராஜ் உள்ளே வந்தபோது இருவரும் அப்படியே நின்றிருந்தார்கள்.

"வாங்க! உங்க பொண்ணு பண்ணின காரியத்தைக் கேளுங்க. ஸ்கூலுக்கு அனுப்புங்கன்னு எத்தனை கெஞ்சினேன்? கேட்டைத் தாண்டணும், கூடாதுன்னீங்க. இன்னைக்கு அந்தப் பாழாய்ப்போன புத்தகத்துக்காகத் தனியாத் தாண்டிட்டு வந்திருக்கா. ஒருத்தியைத் தின்னது போதலையா அதுக்கு?"

துரைராஜின் முகம் வெளுத்துவிட்டது. மகளை மட்டும் பார்த்தார்.

"மூடியிருந்துச்சாம்மா?"

"ஆமாப்பா. போறப்போ இருபத்தஞ்சு நிமிஷம், வர்றப்போ பத்து நிமிஷம். திறக்கற வரைக்கும் நின்னேன்."

அவர் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "நின்னியா… நல்லது" என்று இரண்டு முறை சொன்னார்.

"இதுல என்ன நல்லதைக் கண்டீங்க?" என்றாள் ரத்தினபாய். "நான் பெத்த பொண்ணு, தண்டவாளத்துல நடக்கறப்பகூட அதைக் கீழே வைக்கலை. அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தது யாரு? நீங்க. இப்ப இவளுக்கும் அதையே சொல்லிக் கொடுக்கறீங்க."

சுகிர்தாவின் தொண்டை வரைக்கும் அந்த வார்த்தை வந்துவிட்டது. 'அவகிட்ட புத்தகமே இல்லைம்மா.' சொன்னால் அப்பா இந்த நிமிஷமே விடுதலை ஆவார். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேதாசலம் சார் பேசினாரா?" என்று கேட்டார்.

"பேசினார்ப்பா."

"எல்லாம்?"

"எல்லாம்."

துரைராஜ் தலையை மட்டும், வேண்டாம் என்பதுபோல், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் அசைத்தார். சுகிர்தா பையிலிருந்து நூலக ஃபாரத்தை எடுத்தாள்.

"என்ன எல்லாம்? எனக்குத் தெரியாம அப்பனும் பொண்ணும் என்ன பேசிக்கறீங்க?"

"ஒண்ணுமில்லைம்மா." சுகிர்தா ஃபாரத்தை அப்பாவின் முன்னால் மேஜைமேல் வைத்தாள். "எனக்கு என் பேர்ல டோக்கன் வேணும்பா. நான் இனிமே என் பேர்ல படிக்கணும். அக்கா பேரை அவளுக்கே விட்டுடலாம்பா." பையைத் திறந்து மூன்று டோக்கன்களையும் எடுத்து ஃபாரத்தின் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். பெரிய பாரத்தை இறக்கி வைத்த நிம்மதி அவளுக்கு.

துரைராஜ் அந்த மூன்றையும் ஒரு பக்கமாக நகர்த்தினார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். "அந்த ஸ்கூல் ஃபாரத்தையும் கொடு ரத்னா" என்றார். "திங்கட்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். கேட்ல நிக்கத் தெரிஞ்ச பொண்ணை இனிமே எதைச் சொல்லி வீட்டுல வெச்சிருக்கறது?"

மூன்று நாளாகக் காத்திருந்த வார்த்தை. ஆனால் ரத்தினபாய் கைப்பையைத் திறக்கவில்லை. மேஜையருகே வந்து ஒரு டோக்கனைக் கையில் எடுத்தாள். பெயரின் மேல் விரலை வைத்துத் தடவினாள்.

"சீலியோடது" என்றாள். குரலில் இருந்த சூடெல்லாம் இறங்கியிருந்தது. "இதெல்லாம் எங்கே இருந்துச்சு?"

"அவ பையில" என்றார் துரைராஜ். நான்கு வருஷம் கட்டிக் காத்தவர், அந்த நிமிஷத்து நிம்மதியில் அசந்துவிட்டார். "ஜாமெட்ரி பாக்ஸுக்குள்ள. போலீஸ்ல பையைக் கொடுத்தப்ப இருந்துச்சு."

"மூணுமா?"

"மூணும்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. சுகிர்தா சட்டென்று நிமிர்ந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் ரத்தினபாயின் முகத்தைப் பார்த்தார்கள்.

ரத்தினபாய் மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று உள்ளங்கையில் அடுக்கினாள்.

"செங்கல்பட்டுல எனக்கும் மூணு இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "புத்தகம் கையில இருந்தா டோக்கன் அவங்ககிட்ட இருக்கும். மூணும் இவகிட்ட இருந்துச்சுன்னா… கையில புத்தகம் இல்லை."

"ரத்னா, நீ முதல்ல உட்காரு. சுகி, அம்மாவுக்குத் தண்ணி கொண்டா."

"கையில புத்தகம் இல்லேன்னா, என் பொண்ணு எதுக்குத் தலை குனிஞ்சு ஓடினா?"

மாதம் தவறாமல் கேள்வி கேட்டே பழகிய துரைராஜ் இந்தக் கேள்வியைக் கேட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். சுகிர்தா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, வேணாம்மா" என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்ல வந்தது.

ரத்தினபாய் அதைக் கவனிக்கவில்லை. அவள் பார்வை கூடத்தைச் சுற்றி வந்தது. கட்டில், ஜன்னல், வாசற்படி என்று நகர்ந்து சுவர்க் கடிகாரத்தில் போய் நின்றது.

"ஏங்க," என்றாள், யாரையும் பார்க்காமல். "அன்னைக்கு நான் அவளை எத்தனை மணிக்குள்ள வரச் சொன்னேன்?"